கர்ப்பிணிகளைப் பதிகிற பிக்மி படிவத்தில் ஒரு கேள்வி சேருங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறையில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு ஏழு வயது. அவனுக்கு வியர்க்காது. வாயில் மொத்தமே நாலு பல்தான், முன்னால் இருக்கிற இரண்டும் ஆணி மாதிரி கூராக இருக்கும். தலைமுடி பூனைமுடி போல மெலிசு. நோயின் பெயர் ஹைப்போஹைட்ராடிக் எக்டோடெர்மல் டிஸ்பிளாசியா. வியர்வைச் சுரப்பி, பல், முடி மூன்றும் கருவிலேயே சரியாக உருவாகாமல் போவது. தாயின் எக்ஸ் குரோமோசோம் வழியாக மகனுக்கு வருகிற வகை இது.

மார்ச் பிறந்துவிட்டால் போதும், பனியனை நனைத்துப் பிழிந்து போட்டுவிட்டு அதற்கு மேல்தான் யூனிஃபார்ம். பையில் கவரில் சுற்றி இன்னொரு ஈர பனியன் வைப்பேன். பதினோரு மணிக்குள் உடம்பில் இருப்பது காய்ந்துவிடும், அவனே போய் மாற்றிக்கொள்வான். ஏழு வயதுப் பிள்ளை மணி பார்த்து பனியன் மாற்றுகிறான்.

எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது அவனுக்கு 104 டிகிரி காய்ச்சல் வந்து இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தொற்று என்றார்கள், ஆன்டிபயாடிக் போட்டார்கள், ரத்தம் எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். ஃபேனுக்குக் கீழே ஈரத்துணி சுற்றி வைத்தால் தானாக இறங்குகிற காய்ச்சல் அது என்று எங்களுக்கும் தெரியவில்லை, அவர்களுக்கும் தோன்றவில்லை. நாலு வயதில் ஒரு பல் டாக்டர்தான் தாடை முழுக்க எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, உள்ளே பல் முளையே இல்லையம்மா, இவனுக்கு வியர்க்குமா என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு நாலு வருஷம் ஆனது.

அப்புறம்தான் என் மாமா ஞாபகம் வந்தது. அம்மாவின் தம்பி. காசிமேட்டில் எல்லோரும் பொக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வயதிலேயே பல் இல்லை. பகலில் போட்டில் ஏறமாட்டார், ஏறினால் வாளி வாளியாகக் கடல் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டே இருப்பார். சோம்பேறி என்று பேர் வாங்கி, அந்தப் பேரோடவே செத்தும் போனார். 1875-லேயே டார்வின் சிந்து மாகாணத்து ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்: நாலு தலைமுறையில் பத்து ஆண்களுக்குப் பல்லும் குறைவு, முடியும் குறைவு, வெயில் தாங்காது, பெண்களுக்கு ஒன்றும் இல்லை ஆனால் அவர்கள் பெற்ற மகன்களுக்கு வருகிறது என்று. படித்தபோது எங்கள் வீட்டைப் பற்றி எழுதியது போலவே இருந்தது.

சரி, இப்போது ஏன் இந்த மடல்? இந்த நோய்க்கான மருந்துச் சந்தை வரும் ஆண்டுகளில் எப்படி இருக்கும் என்று சொல்லும் ஒரு அறிக்கையின் சுருக்கத்தைப் பார்த்தேன். இது போன்ற அறிக்கைகள் பெரும்பாலும் எண்ணுவது ஏழு நாடுகளைத்தான்: அமெரிக்கா, ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், பிரிட்டன், ஜப்பான். நாம் அதில் இல்லை. எண்ணாத இடத்துக்கு யார் விலை பேசுவார்கள், யார் மருந்து அனுப்புவார்கள்?

இந்த நோய்க்கு இப்போது பரிசோதனையில் இருக்கிற மருந்தின் கதையையும் சொல்ல வேண்டும். உடம்பில் இல்லாத ஒரு புரதத்தை வெளியிலிருந்து கொடுக்கிற மருந்து அது. முதலில் ஒரு அமெரிக்க நிறுவனம் பிறந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து, போதிய பலன் இல்லை என்று நிறுத்திவிட்டது. 2016-ல் ஜெர்மனியின் எர்லாங்கனில், மூத்த மகனுக்கு இந்த நோய் இருந்த ஒரு தாய் வயிற்றில் இரட்டையரோடு வந்து கேட்க, மிச்சமிருந்த மருந்தைப் பனிக்குட நீரில் ஊசியாகச் செலுத்தினார்கள். குழந்தை அந்த நீரை விழுங்கும், மருந்தும் உள்ளே போகும். பிறந்த பிள்ளைகளுக்கு வியர்த்தது! 2018-ல் அந்த முடிவு வெளிவந்தது. பிறகு ஜெனீவாவில் உள்ள எஸ்பெரேர் என்ற லாபநோக்கற்ற அமைப்பு மருந்தைக் கையில் எடுத்தது, பிரான்சின் பியர் ஃபாப்ர் நிறுவனம் சேர்ந்துகொண்டது. ஈஆர்004 என்ற பெயரில், கர்ப்பத்தின் 26-வது வாரத்திலிருந்து மூன்று ஊசியாகப் பரிசோதனை நடக்கிறது.

என் மகனுக்கு இது உதவாது. அதை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன். ஆனால் நாளைக்கே இந்த மருந்து வந்தாலும் 26-வது வாரத்துக்கு முன்பே அந்தத் தாய் யார் என்று தெரிந்திருக்க வேண்டுமே. அதற்கு மருந்து கம்பெனி தேவையில்லை, நீங்கள் போதும். இந்த நோயின் எல்லா வகையும் சேர்த்து 5,000 முதல் 10,000 பிறப்புக்கு ஒன்று என்கிறார்கள். நம் மாநிலத்தில் வருஷத்துக்கு எட்டு ஒன்பது லட்சம் பிறப்பு என்றால், நான் போட்ட தோராயக் கணக்கில் 80 முதல் 180 குழந்தைகள். அவர்களில் எத்தனை பேர் இன்று காரணம் தெரியாத காய்ச்சல் என்று வார்டில் படுத்திருக்கிறார்கள்?

கர்ப்பிணி எல்லோரையும் பிக்மியில் பதிகிறீர்கள். இவ்வளவு பெரிய வலை கையில் இருக்கிறது. அந்தப் படிவத்தில், உங்கள் வீட்டில், முக்கியமாக அம்மா வழியில், பல் குறைவாக, வியர்க்காமல் யாராவது இருந்தார்களா என்று ஒரு கேள்வி வையுங்கள். ஆமாம் என்றால் மரபணுச் சோதனைக்கு அனுப்புங்கள். ஐந்து மாதத்துக்கு மேல் ஸ்கேனில் ஈறுக்குள் பல் முளைகளை எண்ணியே பார்க்க முடியும். கருவின் பாலினம் தெரியக்கூடாது என்ற பயத்தில் டாக்டர்கள் தயங்குவார்கள், நியாயம்தான். ஆனால் பாலினம் சொல்வதைத் தடுக்கிற அந்த 1994-ஆம் ஆண்டுச் சட்டமே பாலினம் சார்ந்த மரபு நோய்களுக்கான சோதனைக்கு இடம் தருகிறது, அதை எப்படிச் செய்வது என்று தெளிவாக ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.

இன்னொன்று. பல் செட் இவனுக்கு அழகுக்கு இல்லை, சோறு மெல்ல. தாடை வளர வளர மாற்றவும் வேண்டும். காப்பீட்டில் கேட்டால் அழகு சிகிச்சை என்று திருப்பி அனுப்பினார்கள், அதையும் பாருங்கள்.

என் தங்கைக்கு இது மூன்றாம் மாதம். அடுத்த வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறாள். கடைசி மாதவிடாய் தேதி, ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் கேட்பார்கள். மாமாவைப் பற்றி நீயே சொல்லு என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். அவள் சொன்னால் நர்ஸ் அதை எழுத அந்தப் படிவத்தில் ஒரு இடம் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய், தண்டையார்பேட்டை