குறுக்குக் கல்லை மறக்காதவர்களுக்கு

2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு நேபாளத்தின் கோர்க்கா மாவட்டத்தில் நிவாரணப் பணியிலும், பிறகு வீடு கட்டும் பணியிலும் தோள்கொடுத்த ஊழியர்கள், வாலிபர்கள், கொத்தனார்கள், செவிலியர்கள், ஓட்டுநர்கள், காணிக்கை அனுப்பிய சபைகள் அனைவருக்கும் ஸ்தோத்திரம். இங்குள்ள விசுவாசிகள் சொல்வதுபோலச் சொன்னால், ஜெய்மசீ!

பணி முடிந்து கணக்கை மூடுகிறோம். ‘உதவிய அனைவருக்கும் நன்றி’ என்று ஒரு வரியில் முடித்துவிடலாம்தான். ஆனால் எந்த வேலைக்கு என்று சொல்லாத நன்றி, பெண்ணும் மாப்பிள்ளையும் யாரென்று போடாத கல்யாணப் பத்திரிகை மாதிரி. அதனால் வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறோம். மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி நேபாளச் சபைகளின் வாலிபர்களுக்கு. 2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை, பகல் 11.56 மணி. நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை. பள்ளிகள் பூட்டிக் கிடந்ததால் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்தார்கள். அதே விடுமுறை நாளில்தான் இங்கே சபைகள் ஆராதனைக்குக் கூடும். அதனால் ஆராதனை நடந்துகொண்டிருந்த ஆலயங்களில் கூரையும் சுவரும் சனத்தின் மேலேயே இறங்கின. பார்பாக் கிராமத்தை மையமாகக் கொண்ட அந்த 7.8 அதிர்வும், மே 12-இல் கிழக்கே வந்த 7.3 அதிர்வும் சேர்ந்து ஏறக்குறைய 9,000 உயிர்களைக் கொண்டுபோயின. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் தரைமட்டம். சொந்தச் சபையாரை அடக்கம்பண்ணிவிட்டு, அடுத்தடுத்த நாட்களிலேயே மூட்டை தூக்க வந்து நின்றவர்கள் இந்தப் பிள்ளைகள். எந்த ஒற்றையடிப் பாதை சரிந்திருக்கிறது, எந்த வீட்டுப் பாட்டிக்கு நேபாளி புரியாது, யார் வெட்கப்பட்டு வரிசையில் நிற்கமாட்டார்கள் என்பதெல்லாம் இவர்களுக்குத்தான் தெரியும். வெளியிலிருந்து வந்த யாருக்கும் அது தெரியாது.

அடுத்து, பொருளுக்குப் பதிலாகப் பணம் அனுப்பிய சபைகளுக்கு. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் சாலையோரம் குவிந்து மழையில் நனைந்து மட்கிய பழைய துணிகளைப் பார்த்தவர்கள் உங்களில் பலர். அந்தப் பாடம் கைகொடுத்தது. காத்மாண்டு விமான நிலையத்துக்கு இருப்பது ஒரே ஓடுபாதை. கனரக விமானங்கள் இறங்கி அது சேதமானதும், மே முதல் வாரத்தில் பெரிய விமானங்களையே நிறுத்த வேண்டியதாயிற்று. தரைவழியில் சுனௌலி எல்லையைக் கடந்து, நாராயண்கட், முக்லிங், ஆபுகைரேனி வழியாகக் கோர்க்கா பஜார் வர வேண்டும். அந்த வழியில் ஒரு லாரி இடம் என்பது தங்கம். அதில் பழைய சேலையை ஏற்றினால் அத்தனை தார்ப்பாய் குறைகிறது என்று அர்த்தம். பணமாக வந்ததால் அவலும் பருப்பும் நேபாளத்தின் தெற்குச் சமவெளியான தராய்ச் சந்தைகளிலேயே வாங்க முடிந்தது, உள்ளூர் வியாபாரியும் பிழைத்தார். உணவுப் பொட்டலங்களில் மாட்டிறைச்சி கலந்த எதுவும் வரக்கூடாது என்று முதலிலேயே சொல்லி அனுப்பியவர்களுக்கும் நன்றி. பசுவதைக்குத் தண்டனை உள்ள நாடு இது. அந்த ஒரு டப்பா போதும், முழு லாரியின் மேலும் சந்தேகம் விழுவதற்கு.

தார்ப்பாய் கட்டிய குழுக்களைப் பற்றி ஒரு சின்ன விஷயம். 4×6 மீட்டர் தார்ப்பாயை வாங்கிய வேகத்தில் வளையத்தில் கயிறு கோத்து இழுத்துக் கட்டினால், மலைக்காற்று இரண்டே இரவில் வளையத்தைப் பிய்த்துவிடும். பிய்ந்த ஓட்டை அப்படியே கிழிசலாக ஓடும். நீங்கள் செய்தது இது: எலுமிச்சை அளவு கூழாங்கல் ஒன்றைத் தார்ப்பாயின் ஓரத்தில் வைத்து, துணியோடு சேர்த்து மூட்டைபோல் பிடித்து, அதன் கழுத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டீர்கள். இழுவிசை வளையத்தின் மேல் விழாமல் துணி முழுக்கப் பரவும். கல்லில் கூர்முனை இருந்தால் அதுவே துணியை அறுக்கும் என்பதால் ஆற்றங்கரைக் கல்லாகத் தேடிப் பொறுக்கியதையும் பார்த்தோம். நடுவில் மூங்கில் உத்திரத்தை உயர்த்தி, தண்ணீர் தேங்காதபடி சரிவு கொடுத்து, சுற்றிலும் ஒரு சாண் வாய்க்கால் வெட்டிய கூடாரங்கள் மழைக்காலம் முழுவதும் நின்றன. வாய்க்காலை ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று விட்ட கூடாரங்களில், ஆனி மாதமே பாய் நனைந்தது.

தகர ஷீட் கதை வேறு. நேபாளச் சந்தையில் ஒரு பண்டில் என்றால் மொத்தம் 72 அடி நீளத் தகடு: 6 அடியில் 12, அல்லது 8 அடியில் 9. ஒரு குடும்பத்துக்கு இரண்டு பண்டில் என்பது பொதுவான கணக்கு. 26 கேஜ் என்றால் பண்டில் 60 கிலோவுக்கு மேல் இருக்கும். கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலியும் என்பது தெரியாமல், எண் பெரிதாக இருந்தால் உறுதி என்று நினைத்து வாங்குபவர்கள் உண்டு. கடைக்காரர் சொன்னதை நம்பாமல் ஒரு தகட்டை எடைபோட்டுப் பார்த்தே வாங்கிய சகோதரர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. ஜீப் போகும் இடம்வரை ஜீப், அதற்கு மேல் சுமைகூலிகள். நெற்றியில் நாம்லோ பட்டையை மாட்டி, முதுகில் தகட்டைச் சுமந்து ஏறினார்கள். நீளத் தகட்டைக் கோவேறு கழுதையில் ஏற்றினால் வளைவில் பாறையில் இடித்து, விலங்கையே பள்ளத்தில் தள்ளிவிடும். அதைச் சொல்லித் தந்தவர்களும் அவர்கள்தான். கூலியைக் குறைத்துப் பேசாமல், அன்றன்றைக்கே கையில் கொடுத்த பொறுப்பாளர்களை இங்கே யாரும் மறக்கவில்லை.

கூரை போடும்போது ஆணியை மேட்டில் அடிக்க வேண்டும், பள்ளத்தில் அடிக்கக் கூடாது. பள்ளம்தான் தண்ணீர் ஓடும் பாதை. அங்கே ஓட்டை போட்டால் வாஷர் இருந்தும் ஒருநாள் ஒழுகும். பக்கவாட்டில் ஒன்றரை மேடு ஒன்றின் மேல் ஒன்று படிய வேண்டும். இறவாரத்துப் பக்கம் ஆணியை நெருக்கி அடிக்க வேண்டும், காற்று தூக்குவது அங்கிருந்துதான். இதெல்லாம் எழுதப் படிக்கத் தெரியாத தச்சருக்கும் தெரியும். ஆனால் அவசரத்தில் விட்டுப்போகும். விட்டுப்போகாமல் ஒவ்வொரு கூரையிலும் ஏறி எண்ணிப் பார்த்தீர்களே, அதற்குத்தான் நன்றி.

மருத்துவக் குழுக்களுக்குச் சுருக்கமாகவே சொல்கிறோம், அவர்கள் அதிகம் பேசுவதை விரும்பாதவர்கள். இந்த மலைகளில் மிஷன் மருத்துவம் புதிதல்ல. ஐக்கிய நேபாள மிஷன் 1954 முதல் இருக்கிறது. கோர்க்காவின் ஆம்ப்பிப்பல் மருத்துவமனை அதன் கையால் எழும்பியது. லலித்பூரின் ஆனந்தபன் தொழுநோய் மருத்துவமனையும் நிலநடுக்கத்தில் அடிபட்டவர்களுக்குக் கதவைத் திறந்தது. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவது ஒருநாள் வேலை. முதுகெலும்பு நொறுங்கி இடுப்புக்குக் கீழ் உணர்வற்றுப் போனவரைப் பார்த்துக்கொள்வது மாதக்கணக்கு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண். அது எலும்புவரை போனால் உயிருக்கே ஆபத்து. தலை, தோள், இடுப்பு மூன்றையும் மூன்று பேர் பிடித்து, ஒரே எண்ணிக்கையில், மரக்கட்டையை உருட்டுவதுபோல் திருப்ப வேண்டும். இதை வீட்டாருக்குக் கற்றுக்கொடுத்து, அவர்கள் கை பழகும்வரை பக்கத்திலேயே நின்ற செவிலியர்களே, உங்கள் வேலை படத்தில் வராது.

தண்ணீர்க் குழுவுக்கு: அதிர்வுக்குப் பிறகு பல ஊற்றுகள் வற்றின, சில ஊற்றுகள் இடம் மாறிக் கீழே தள்ளிப் பீறிட்டன. பழைய தொட்டிக்குக் குழாயைச் சரிசெய்து பயனில்லை, புது ஊற்றைத் தேடி அங்கிருந்து கறுப்புப் பாலிதீன் குழாய் இழுக்க வேண்டியிருந்தது. அந்தக் குழாயை ஒட்டும்போது இரண்டு முனையையும் சமமாகச் சீவி, தூசி துடைத்து, சூடான தட்டில் ஒரே நேரம் வைத்து, உருகிய விளிம்பு சுற்றிலும் ஒரே பருமனாக வந்ததும் சேர்த்து அழுத்த வேண்டும். ஒரு பக்கம் விளிம்பு மெலிந்திருந்தால் அந்த இணைப்பு இறக்கத்தின் அழுத்தத்தில் என்றைக்காவது பிளக்கும். ஆறும்வரை அசைக்காமல் பிடித்திருந்தவர்களின் பொறுமைக்கு நன்றி. காற்றடித்தால் தட்டுச் சூடு இறங்கிவிடும் என்று சாக்கை விரித்து மறைப்புக் கட்டி நின்றவருக்கும்தான்.

இனி தலைப்புக்கு வருவோம். இந்த மலை வீடுகள் ஏன் விழுந்தன? கல்லும் மண் சாந்தும் வைத்து, ஒன்றரை அடிச் சுவர். வெளியே ஒரு வரிசைக் கல், உள்ளே ஒரு வரிசைக் கல், நடுவில் சில்லும் மண்ணும் நிரப்பியது. பார்வைக்கு ஒரே சுவர், உண்மையில் இரண்டு மெல்லிய சுவர்கள். குலுங்கியதும் நடுவில் உள்ள சில்லு இறங்கி ஆப்புபோல் விரிக்க, வெளிவரிசை வெளியே சாயும், உள்வரிசை தூங்குகிறவர் மேல் விழும். இதற்கு மருந்து விலையில்லாத ஒன்று: சுவரின் இந்த முகத்திலிருந்து அந்த முகம் வரை நீளும் குறுக்குக் கல். இரண்டடி உயரத்துக்கு ஒரு வரிசை, பக்கவாட்டில் நாலடிக்கு மிகாமல் ஒன்று. அவ்வளவு நீளமான கல் கிடைக்காவிட்டால், ‘எஸ்’ வடிவில் வளைத்த கம்பி, அல்லது அதே நீளத்தில் வார்த்த கான்கிரீட் கட்டை. நாளொன்றுக்கு இரண்டடிக்கு மேல் சுவர் ஏற்றக் கூடாது, ஈர மண் சாந்து சுமை தாங்காது. மூலையில் நீளக் கற்களை மாற்றி மாற்றிக் கோக்க வேண்டும். கதவும் ஜன்னலும் மூலையிலிருந்து இரண்டடியாவது தள்ளி நிற்க வேண்டும்.

பிறகு பெல்ட். அடித்தளம், ஜன்னல் அடி, கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல், கூரை மட்டம் என்று வீட்டைச் சுற்றி இடுப்புக்கச்சை கட்டுவதுபோல். மூன்று அங்குல கான்கிரீட்டில் இரண்டு கம்பி ஓடினாலே ஒரு மாடி வீட்டுக்குப் பெரிய காவல். ஆனால் மூலையில் கம்பி வெறுமனே முட்டி நின்றால் அது பெல்ட்டே அல்ல. வளைந்து அடுத்த சுவருக்குள் போய்ப் பிடிக்க வேண்டும். கம்பிகளைச் சுற்றி ரிங் போடும் இடத்தில் அதன் கொக்கியை 90 டிகிரியில் விடாமல் 135 வரை உள்ளே மடக்க வேண்டும், குலுங்கும்போது 90 டிகிரி கொக்கி வாய்பிளந்துவிடும். மேலே முக்கோணச் சுவரைக் கல்லில் எழுப்புவது பழைய வழக்கம், முதலில் விழுந்ததும் அதுதான். அங்கே தகரமோ மரப்பலகையோ போதும்.

இதைச் சொல்வது எளிது. நாற்பது வருடம் கல் வைத்த கொத்தனாரிடம் போய், மொழி தெரியாத இருபது வயதுப் பையன் ‘தாஜு (அண்ணே), இப்படி வையுங்கள்’ என்றால் எடுபடுமா? நீங்கள் சொல்லவில்லை, முழங்கால் உயரத்துக்கு இரண்டு மாதிரிச் சுவர் எழுப்பி, ஒன்றில் குறுக்குக் கல் வைத்தும் இன்னொன்றில் வைக்காமலும், பலகையின் மேல் நிறுத்தி ஆட்டிக் காட்டினீர்கள். கொத்தனார்களே சிரித்துவிட்டு நீளக் கல் தேடப் போனார்கள். அதன் பிறகு வாத்தியார் அவர்கள், கல் எடுத்துக் கொடுக்கிற சித்தாள் நீங்கள். அந்த இடமாற்றத்தை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டதுதான் இந்தப் பணியில் நீங்கள் கொடுத்த பெரிய காணிக்கை என்று எங்கள் எண்ணம்.

சுவிசேஷக் கைப்பிரதிகளைப் பையிலேயே வைத்திருந்ததற்கும் நன்றி. சிலருக்கு இது மனக்குறை என்று தெரியும். 2015 செப்டம்பரில் வந்த அரசியல் சாசனம் மதமாற்றத்தைத் தண்டிக்கிறது என்பது ஒருபக்கம். அது இல்லாவிட்டாலும், தார்ப்பாய்க்கு வரிசையில் நிற்பவருக்குக் ‘கூடாது’ என்று சொல்லும் சுதந்திரம் கிடையாது. பசித்தவனிடம் வாங்கும் சம்மதம் சம்மதமா? பயனாளிப் பட்டியலை வார்டு அலுவலகத்தோடும் தாய்மார் குழுவோடும் உட்கார்ந்து போட்டோம். சபையார் என்பதற்காக யாரும் முந்தவில்லை. ‘யார் நீங்கள், ஏன் வந்தீர்கள்’ என்று கேட்டவர்களுக்கு மறைக்காமல் பதில் சொன்னீர்கள். கேட்காதவர்களிடம் வேலையை மட்டும் செய்தீர்கள். வீட்டுச் சுவரில் சபையின் பெயர்ப்பலகை அடிக்கவில்லை என்று வருத்தப்பட்ட ஒன்றிரண்டு காணிக்கையாளர்கள் எங்களை மன்னிக்க வேண்டும். அதை எங்களால் செய்ய முடியாது.

எங்கள் தவறுகளும் உண்டு. கம்பளிகள் வெயில் காலத்தில் வந்து சேர்ந்தன. குளிர் வந்தபோது எல்லையில் சரக்கு அடைபட்டு, 2016 பிப்ரவரி வரை டீசலும் சமையல் வாயுவும் கிடைக்காமல், உள்ளவற்றை நடந்தே சுமந்து மேலே ஏற்ற வேண்டியதாயிற்று. நெல் விதை நாற்றங்காலுக்குப் பிந்தி வந்த கிராமங்களும் இருந்தன. இடிபாடு அகற்றும் முதல் வாரத்தில் அடி தடித்த காலணிகள் போதவில்லை, ஆணி குத்திய கால்கள் பல. அவற்றைப் பொறுத்துக்கொண்டீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், நன்றி மடலில் இதைக் கேட்பது முறையல்லதான். வீடு கட்ட நேபாள அரசு அறிவித்த மூன்று லட்ச நேபாள ரூபாய் உதவி 50,000, 1,50,000, 1,00,000 என்று மூன்று தவணையாக வந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் பொறியாளர் வந்து பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அடுத்தது. கான்கிரீட் மூடிய பிறகு உள்ளே கம்பி இருக்கிறதா என்று யார் பார்ப்பது? சில குடும்பங்களுக்கு இதனாலேயே கடைசித் தவணை நின்றுபோனது. பெல்ட் வார்ப்பதற்கு முன் மூலைக் கம்பியைக் கைபேசியில் படம் எடுத்தவர்கள் இருக்கிறீர்கள். தேதியோடு, வீட்டின் முகப்பும் தெரிகிற படங்களாகப் பார்த்து அனுப்பி வையுங்கள். செல்ஃபியாக இருந்தாலும் பரவாயில்லை, பின்னால் கம்பி தெரிந்தால் போதும்.