பெங்களூரு அறிவியல் உலாவில் நேர்ந்த சேவைக் குறைபாடு: கட்டணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
உலாவில் பதிவு செய்த வாடிக்கையாளர்,
கோபிசெட்டிபாளையம், ஈரோடு மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம்,
கோயம்புத்தூர்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் இரண்டு நாள் பெங்களூரு அறிவியல் உலாவில், காலாண்டுத் தேர்வு விடுமுறையின்போது குடும்பத்தோடு சென்று வந்தவள் நான். அந்தப் பயணத்தில் நடந்தவற்றைத் தொலைபேசியில் சொன்னேன், கிளைக்கு நேரில் வந்து சொன்னேன், ரசீதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன். ஈரோட்டில் கேட்டால் கோவையைக் கேளுங்கள் என்கிறார்கள். கோவையில் கேட்டால் பதிவு செய்த கிளைதான் பொறுப்பு என்கிறார்கள். இரண்டையும் விட்டு வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தால், நெடுநேரம் பாட்டைக் கேட்க வைத்துவிட்டு இணைப்பைத் துண்டிக்கிறார்கள். பேசிப் பேசி ஓய்ந்துபோய்த்தான் இதை எழுத்தில் தருகிறேன். பதிலையும் எழுத்திலேயே தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

உலாவின் நிரலை நான் இங்கே விரித்து எழுதத் தேவையில்லை. அதை அச்சிட்டவர்கள் நீங்கள். ஞாயிறு காலை விஸ்வேஸ்வரய்யா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம், மாலையில் கப்பன் பூங்கா, திங்கள் காலை ஜவாஹர்லால் நேரு கோளரங்கம், ‘நுழைவுக் கட்டணம், காட்சிக் கட்டணம் அனைத்தும் உட்பட’ என்றே அதில் இருக்கிறது. அதை நம்பித்தான் பெரியவர்கள் மூவருக்கும் பிள்ளைகள் இருவருக்குமாக 18,500 ரூபாயைப் பதிவு செய்த அன்றே முழுவதும் கட்டினேன். பெங்களூருக்குத் தனியே போய்வர எங்களுக்குத் தெரியாமல் இல்லை. என் மாமியாருக்கு முழங்கால் வலி. பேருந்து மாறி மாறி ஏற அவரால் முடியாது. வாசலில் இறக்கி வாசலிலேயே ஏற்றிக்கொள்ளும் வண்டி வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் தங்களிடம் வந்தோம்.

இந்தப் பயணத்துக்கு என் பிள்ளைகள் எப்படித் தயாரானார்கள் என்பதைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள், பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் இயந்திரக் கூடம், மின்தொழில்நுட்பக் கூடம், விண்வெளி, உயிரித் தொழில்நுட்பம், வேடிக்கை அறிவியல் என்று கட்டம் போட்டுப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தான் செய்து பார்க்க வேண்டியதையும் கேட்க வேண்டிய கேள்வியையும் எழுதி வைத்திருந்தாள். ரைட் சகோதரர்கள் 1903இல் பறக்கவிட்ட விமானத்தின் முழு அளவு மாதிரி அங்கே இருக்கிறது என்று அவள் படித்துச் சொன்னதும், அதன் இறக்கை 40 அடி நீளம் என்பதைத் தெரிந்துகொண்ட மகன், எங்கள் வாசலில் தொடங்கித் தெருவில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டே போனான். கோடு பக்கத்து வீட்டைத் தாண்டிப் போயிற்று. அவ்வளவு பெரியதை நேரில் பார்க்கப் போகிறோம் என்று ஒவ்வொரு இரவும் அவன் பேசாத பேச்சில்லை.

பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவின் நினைவைப் போற்றி 1962ஆம் ஆண்டு ஜூலையில் பிரதமர் நேரு திறந்து வைத்த அந்த அருங்காட்சியகத்தில், பொருள்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்துத் தூர நின்று பார்க்கச் சொல்வதில்லை. பொத்தானை அழுத்தி, கைப்பிடியைச் சுழற்றி, கயிற்றை இழுத்துப் பார்க்க வேண்டும். முதல் முறை புரியவில்லையென்றால் பலகையில் உள்ள விளக்கத்தைப் படித்துவிட்டு மறுபடியும் செய்து பார்க்க வேண்டும். காலை 9.30 மணி முதல் மாலை 6 மணி வரை அது திறந்திருக்கிறது. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அதில் அரை நாளாவது தேவை என்பது அறிவியல் உலா என்று பெயர் வைத்துப் பயணம் விற்கும் நிறுவனத்துக்குத் தெரியாதிருக்க முடியாது. நான் தங்களிடம் விலை கொடுத்து வாங்கியது அந்த அரை நாளைத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் வண்டி கஸ்தூர்பா சாலையில் அருங்காட்சியக வாசலில் வந்து நின்றபோது மணி நான்கே முக்கால். விடுதியிலிருந்து காலையில் கிளம்பியதும் எங்களைக் கொண்டுபோய் இறக்கிய இடம் ஒரு பட்டுச் சேலைக் கடை. முழங்காலை மடக்கவே முடியாத என் மாமியாரைத் தரையில் விரித்திருந்த வெள்ளை மெத்தையில் உட்காரச் சொன்னார்கள். அவர் கடைசிவரை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் எதுவும் வாங்கப்போவதில்லை என்று சொன்ன பிறகும் சேலைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டே இருந்தார்கள், வழிகாட்டி வெளியே போய்விட்டார், ஓட்டுநரையும் காணவில்லை. அங்கிருந்து சந்தனப் பொருள் கடை, அடுத்து கைவினைப் பொருள் கடை, பிறகு வெகு தொலைவில் இருந்த ஓர் உணவகம். ‘எப்பம்மா மியூசியம்?’ என்று கேட்டுக் கேட்டுப் பிள்ளைகள் களைத்துப் போனார்கள். இந்தக் கடைகளில் ஒன்றுகூடத் தாங்கள் அச்சிட்ட நிரலில் இல்லை. கடைக்காரர்களிடமிருந்து கிடைக்கும் கமிஷனுக்காக என் பிள்ளைகளின் நேரத்தைத் தாங்கள் விற்றிருக்கிறீர்கள் என்று நான் வெளிப்படையாகவே குற்றம் சாட்டுகிறேன்.

உள்ளே போன பிறகாவது நிம்மதியாகப் பார்க்க விட்டார்களா என்றால், அதுவும் இல்லை. வெட்டிக் காட்டியிருந்த ஓர் இயந்திரத்துக்குள் பிஸ்டன் ஏறி இறங்குவதையும், அது மேலே வரும்போது எந்த வால்வு திறக்கிறது என்பதையும் மகள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஓய்ந்ததும் பொத்தானை மறுபடி அழுத்த அவள் கையை நீட்ட, தங்கள் வழிகாட்டி ‘பாத்தாச்சில்ல, வா வா, அடுத்ததுக்குப் போலாம்’ என்று முழங்கையைப் பிடித்து இழுத்தார். பெற்றவள் பக்கத்தில் நிற்கும்போதே பெண் குழந்தையின் கையைப் பிடித்து இழுக்க அவருக்கு யார் உரிமை கொடுத்தார்கள்? ரைட் விமானத்தின் முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டோம். அதன் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்து அளக்க வேண்டும் என்று மகன் கெஞ்சியதற்கு நேரமில்லை என்றார்கள். முப்பரிமாணக் காட்சிக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும் என்பது கவுன்ட்டரில்தான் தெரிந்தது. ‘அது உங்க பேக்கேஜ்ல வராதும்மா’ என்றார் வழிகாட்டி. அனைத்துக் காட்சிக் கட்டணமும் உட்பட என்று அச்சிட்டது யார்? விண்வெளிக் கூடத்துக்குள் காலே வைக்கவில்லை. வெளியே நிறுத்தியிருக்கும் மாருத் போர் விமானத்தை, வண்டி ஹாரன் அடித்துக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, ஓடிப்போய் ஒரு நொடி பார்த்துவிட்டு வந்தார்கள்.

திங்கட்கிழமை நடந்தது இதைவிடக் கொடுமை. அதைச் சொல்லும் முன், பயணத்துக்கு முந்தைய வாரம் நடந்த ஒன்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். நேரு கோளரங்கத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதைப் பார்த்தவுடனேயே ஈரோடு கிளைக்கு நான் தொலைபேசி செய்தேன். அருங்காட்சியகமோ தீபாவளி, விநாயகர் சதுர்த்தி தவிர மற்ற நாள்களில் திறந்திருப்பது. ஆகவே ஞாயிறன்று கோளரங்கத்தையும் திங்களன்று அருங்காட்சியகத்தையும் வைத்து நிரலை மாற்றினாலே போதும், ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். கோளரங்கத்தில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் காட்சிகள் நடப்பதால், ஆங்கிலக் காட்சி நேரத்தை விசாரித்துச் சொல்லுங்கள் என்றும் கேட்டேன். மறுமுனையில் பேசியவர், ‘வருஷக்கணக்கா இந்த டூர் ஓட்டறோம், எங்களுக்கே சொல்லித் தர்றீங்களா? வீட்டுல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா பேசச் சொல்லுங்க’ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஐயா, அந்த வாக்கியத்தை நான் இன்னும் மறக்கவில்லை, மறக்கப் போவதுமில்லை. இந்தப் பயணத்தைத் திட்டமிட்டவள் நான், பணம் கட்டியவள் நான், ரசீது என் பெயரில் இருக்கிறது. நான் சொன்னது சரியா தவறா என்று பார்க்க அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அதைச் செய்யாமல், நான் பெண் என்பதால் என் பேச்சைக் கேட்கத் தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

திங்கள் காலை கோளரங்கத்தின் வாயிற்கதவு பூட்டிக் கிடந்தது. ‘திங்கட்கிழமை லீவும்மா, தெரியாதா?’ என்று காவலாளி தமிழிலேயே கேட்டார். எனக்குத் தெரியும், நான் சொன்னேன், கேட்கத்தான் ஆளில்லை என்று அவரிடம் போய் எப்படி விளக்குவேன்? வளாகத்துக்குள் இருக்கும் அறிவியல் பூங்காவையும் கதவின் கம்பிகளுக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பதுதான் எங்களுக்கு வாய்த்தது. வழிகாட்டி ஈரோட்டுக்குத் தொலைபேசி போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். அதே ஆள், அதே குரல்: ‘வெளிய நின்னு ரெண்டு போட்டோ எடுத்துக்கச் சொல்லு, அதுவே போதும்.’ என் மாமியாரும் பிள்ளைகளும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் கையில் வைத்திருந்த நோட்டை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டாள். அதன்பின் மீண்டும் ஒரு கடைக்கு வண்டியைத் திருப்பினார்கள். இறங்க மாட்டோம் என்று நாங்கள் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தோம். ஓசூர் தாண்டும்வரை யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊர் திரும்பிய பிறகு, அசல் ரசீதும் ஆதார் நகலும் கொண்டுவந்தால் மேலாளர் நேரில் பார்த்து முடித்துத் தருவார் என்று தங்கள் கிளையிலிருந்தே அழைத்துச் சொன்னார்கள். வேலைக்கு விடுப்பு எடுத்து, அன்றைய சம்பளத்தை இழந்து, கோபியிலிருந்து நெரிசலான பேருந்தில் நின்றுகொண்டே ஈரோடு வந்தேன். மேலாளர் இல்லை. முன்மேசையில் இருந்தவர் கைப்பேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். குரலைக் கேட்டதும் இவர்தான் அவர் என்று தெரிந்துவிட்டது. நிமிர்ந்தே பார்க்காமல் ‘ரீஃபண்டெல்லாம் கிடையாதும்மா, வேணும்னா அடுத்த டூர்ல 500 ரூபா கழிச்சுக்கலாம்’ என்றார். மேலாளர் எப்போது வருவார் என்றதற்குப் பதிலே இல்லை. உட்காருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, குடிக்கத் தண்ணீர் கேட்டதற்குக் கேன் காலி என்றார். புகார் புத்தகம் கேட்டேன்; அப்படி ஒன்று இங்கே இல்லை என்றார். இத்தனை பேரை ஊர் ஊராக அழைத்துப் போகும் நிறுவனத்தில், வந்தவரிடம் நான்கு வார்த்தை மரியாதையாகப் பேசத் தெரிந்த ஒருவரை அந்த மேசையில் உட்கார வைக்க முடியாதா?

எனக்கு நேர்ந்த இழப்பு 18,500 ரூபாயோடு முடியவில்லை. ஒரு விடுமுறை முழுவதும் பாழாயிற்று. மாமியார் படுத்த படுக்கையாகி, மருத்துவச் செலவும் சேர்ந்துகொண்டது. அறிவியல் என்றால் துள்ளி எழுந்த மகள் இப்போது அந்த நோட்டைத் தொடுவதே இல்லை. நாளைக்கு அவள் பொறியாளராகவோ விஞ்ஞானியாகவோ ஆகும் எண்ணத்தையே விட்டுவிட்டால், அந்த எதிர்காலத்தைத் தங்களால் திருப்பித் தர முடியுமா?

தங்கள் நிறுவனத்தின் மீது எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. எங்கள் தெருவிலேயே தங்கள் கோயில் சுற்றுலாவில் போய்த் திருப்தியோடு வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லித்தான் நானும் வந்தேன். ஆகவே இதைச் சுமுகமாக முடித்துக்கொள்ளவே விரும்புகிறேன். இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள், கட்டிய தொகை 18,500 ரூபாயை முழுவதுமாகவும், ஈரோடு வந்து சென்ற செலவையும் சேர்த்து என் வங்கிக் கணக்கில் செலுத்துமாறும், அந்த முன்மேசை அலுவலர் மீது எடுத்த நடவடிக்கையை எழுத்தில் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். இனி வரும் குடும்பங்களுக்காகவாவது திங்கட்கிழமைக் கோளரங்கத்தை நிரலிலிருந்து உடனே நீக்குங்கள். அடுத்த பயணத்தில் கழிவு, பரிசுக் கூப்பன் என்று எதையும் நான் ஏற்கப் போவதில்லை.

தவறினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்வதோடு, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் மனு தாக்கல் செய்வேன். நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது என்பதால், கோவைக்கும் ஈரோட்டுக்கும் இடையே என்னை அலைக்கழிக்க அங்கே வழியில்லை. சேவைக் குறைபாட்டுக்கும், நிரலில் இல்லாத கடைகளுக்கு அழைத்துப்போன நேர்மையற்ற வணிகத்துக்கும், மன உளைச்சலுக்குமாக அப்போது நான் கேட்கப்போகும் இழப்பீடு ஒரு லட்சம் ரூபாய். ரசீது, தங்கள் அச்சு நிரல், பூட்டிய கோளரங்கத்தின் முன் எடுத்த படம், அருங்காட்சியக நுழைவுச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன். அசல்கள் என்னிடம் பத்திரமாக உள்ளன.

தங்கள் அலுவலகத்திலிருந்து யாராவது இது குறித்துத் தொலைபேசியில் பேசித்தான் ஆக வேண்டும் என்றால், ரசீதில் உள்ள எண்ணுக்கு அழைத்து என்னிடமே பேசும்படி கேட்டுக்கொள்கிறேன். என் கணவரை அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்.