சி.எஸ்.ஆர். ரசீது போதாது, எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லுங்கள்: டி.ஜி.பி.க்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். திருட்டு, வழிப்பறி என்று புகாரோடு ஸ்டேஷன் படியேறுகிறவர்களிடம் எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) போடாமல், மனு வந்தது என்று மட்டும் சொல்லும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பிவிடும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

எங்கள் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்காவின் செல்போனை வண்டியில் வந்த இரண்டு பேர் பிடுங்கிக்கொண்டு போனார்கள். மனு எழுதிக் கொடுக்க நானும் கூடப் போனேன். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் நல்ல மனிதர்தான், நாற்காலி போட்டு உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார். மனுவைப் படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "பிடுங்கிட்டுப் போனாங்கன்னு வேணாம்மா, பஸ்ல வரும்போது எங்கேயோ தவறிடுச்சுன்னு மாத்தி எழுதிக் குடுங்க, உடனே சி.எஸ்.ஆர். போட்டுத் தர்றேன், சிம் வாங்க அது போதும்" என்றார். அக்காவின் மணிக்கட்டில் நகம் கீறிய இடம் அப்போதும் சிவந்துதான் இருந்தது. மறுநாள் வியாபாரத்துக்கு நம்பர் வேண்டும், வேறு வழியில்லாமல் மாற்றி எழுதிக் கொடுத்தார்.

அந்த ஒரு வரி மாறியதும் என்னவெல்லாம் மாறுகிறது பாருங்கள். குற்றம் நடக்கவே இல்லை என்று ஆகிவிடுகிறது. குற்றவாளி இல்லை, விசாரணை இல்லை, கோர்ட்டுக்குப் போக எதுவும் இல்லை. அந்தத் தெருவில் வழிப்பறி நடப்பதாகக் கணக்கில் வராததால் ரோந்துக்கு ஆள் போட வேண்டிய அவசியமும் யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் அதே இடத்தில் இன்னொருவர் பறிகொடுத்தாலும் அவரும் "தவறவிட்டவர்"தான்.

சட்டத்தில் இதற்கு இடமில்லை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013 நவம்பரிலேயே சொல்லிவிட்டது: பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்கிப் பதியச் சொல்கிறது, நகலை இலவசமாகக் கொடுக்கச் சொல்கிறது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று அதில் ஒரு வழி இருப்பது உண்மை, ஆனால் அதற்கு டி.எஸ்.பி.யின் முன் அனுமதி வேண்டும், 14 நாளில் முடிக்க வேண்டும். மனுவையே மாற்றி எழுதி வாங்கலாம் என்று எந்தப் பிரிவிலும் இல்லை.

சரி, ஏன் இப்படிச் செய்கிறார்கள்? அந்த ரைட்டர் மீதோ இன்ஸ்பெக்டர் மீதோ மட்டும் பழியைப் போட எனக்கு மனமில்லை. எஃப்.ஐ.ஆர். போட்டால் அது நீதிமன்றத்துக்குப் போகும், நிலுவை வழக்காக நிற்கும், மாதாந்திர கிரைம் மீட்டிங்கில் "உன் லிமிட்ல மட்டும் ஏன் கேஸ் ஏறுது?" என்று கேள்வி வரும். கண்டுபிடித்த சதவீதம் குறையும். அதனால் திருடன் சிக்கும்வரை ரசீது, சிக்கிய பிறகு பழைய மனுக்களைத் தேடியெடுத்து எஃப்.ஐ.ஆர். என்று ஒரு வழி வைத்துக்கொள்கிறார்கள். காகிதத்தில் பார்த்தால் பதிந்த வழக்கெல்லாம் கண்டுபிடித்த வழக்குதான். இந்த அழுத்தம் மேலிருந்து வருகிறது, அதனால்தான் மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

பதிவான வழக்கு எண்ணிக்கையை வைத்து ஊரின் பாதுகாப்பை அளக்க முடியாது என்பதற்கு 2020-ஐவிட நல்ல சாட்சி வேண்டாம். அரசு ஊழியரின் உத்தரவை மீறியதற்கான, அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-ஆவது பிரிவில் 2019-ல் நாடு முழுக்க சுமார் 29 ஆயிரம் வழக்குகள். ஊரடங்கு வந்த 2020-ல் அது 6 லட்சத்தைத் தாண்டியது, நம் மாநிலத்திலும் வழக்கு எண்ணிக்கை எகிறியது. ஒரே வருடத்தில் தமிழர்கள் குற்றவாளிகளாகிவிட்டார்களா என்ன? போலீஸ் பதிந்தது, எண் ஏறியது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் (என்.சி.ஆர்.பி.) குற்ற விகித அட்டவணையில் கேரளா பல ஆண்டுகள் மேலே நிற்பதற்கும் அங்கே புகாரைப் பதிகிறார்கள் என்பது பெரிய காரணம். பதியாத பக்கத்தையும் பாருங்கள். ஐ.டி.எஃப்.சி. இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனம் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் வீடு வீடாகக் கேட்டபோது, திருட்டுக் கொடுத்தவர்களில் எஃப்.ஐ.ஆர். வரை போனவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. மிச்சம் ஒன்பது பேரின் இழப்பு எந்த அறிக்கையிலும் கிடையாது.

புகார் கொடுக்கிறவருக்கு மட்டும்தான் நஷ்டம் என்று நினைத்துவிட வேண்டாம். 2025 ஜூனில் நகை காணவில்லை என்ற ஒரு புகாருக்காக சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள், அடித்தே கொன்றார்கள். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் தனிப்படை எப்படி விசாரித்தது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கேட்டது. முறையாகப் பதிந்திருந்தால் வழக்கு எண் இருக்கும், பொறுப்பான விசாரணை அதிகாரி இருப்பார், நீதிமன்றத்துக்குத் தகவல் போயிருக்கும். எதுவும் எழுதப்படாத இடத்தில்தான் கை ஓங்குகிறது. அந்தப் பையனின் அம்மாவுக்கு நாம் யாரும் பதில் சொல்ல முடியாது.

அதனால் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மாதம் எத்தனை சி.எஸ்.ஆர். போட்டார்கள், அதில் எத்தனை எஃப்.ஐ.ஆர். ஆனது, மிச்சம் ஏன் ஆகவில்லை என்பதைக் காவல்துறை இணையதளத்தில் போடுங்கள். கணினியில் பதிகிற விவரம்தானே, புதிதாக ஆள் எடுக்க வேண்டியதில்லை. "தவறவிட்டது" என்று ரசீது வாங்கியவர்களில் சிலருக்கு எஸ்.பி. அலுவலகத்திலிருந்து போன் செய்து உண்மையில் என்ன நடந்தது என்று கேட்கச் சொல்லுங்கள். அப்புறம், அடுத்த கிரைம் மீட்டிங்கில் வழக்கு ஏறிய இன்ஸ்பெக்டரைத் திட்டாமல், அவர் பதிந்த வழக்குகளில் விசாரணை எப்படிப் போகிறது என்று கேளுங்கள். நிறைய மனு வந்தும் வழக்கே ஏறாத ஸ்டேஷனின் இன்ஸ்பெக்டரிடம்தான் விளக்கம் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
புகார் எழுதிக் கொடுக்க அடிக்கடி ஸ்டேஷன் படியேறும் ஒருவன்