பறைக்கு மட்டும் ஏன் பின்னணி இசை?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஊர் ஊராகப் போய் அங்கங்கே இருக்கும் ஆட்டக்காரர்களைக் காட்டும் பயணத் தொடரில் வந்த சென்னைப் பகுதியைப் புகழ்ந்து சென்ற இதழில் விமர்சனம் வெளியிட்டிருந்தீர்கள். அதில் பாதிக்கு நானும் கைதட்டுவேன். சவுகார்பேட்டை நவராத்திரிக் காட்சி அருமை. விளக்கை நடுவில் வைத்துப் பெண்கள் சுற்றிவரும் கர்பா வட்டத்துக்குள் தொகுப்பாளினி தானும் புகுந்து, கைத்தட்டு தப்பி, பக்கத்திலிருந்த பாட்டியிடம் திட்டு வாங்கினார் பாருங்கள், அது அசல். தலைமுறைகளாக இங்கேயே வாழும் குஜராத்திகளின் ஆட்டமும் சென்னை ஆட்டம்தான் என்று வேறு யார் சொல்கிறார்கள்?

பரதத்துக்கும் உழைத்திருந்தார்கள். 1936-இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திரா நடனப் பள்ளியைத் தொடங்கியதிலிருந்து ஆரம்பிக்காமல், 1931-இல் பரம்பரையாக ஆடிவந்த குடும்பத்தைச் சேர்ந்த திருவாளப்புத்தூர் கல்யாணியின் மகள்கள் மியூசிக் அகாடமிக்காக ஆடியதிலிருந்து தொடங்கியது நியாயம்.

வடசென்னைக்கு வந்ததும் எல்லாம் மாறிவிட்டது. பறையாட்டக் காட்சியில் பறையின் ஒலியை அமுக்கிவிட்டு, ஸ்டூடியோவில் போட்ட இசையை மேலே ஏற்றியிருந்தார்கள். சபா மேடையில் மிருதங்கத்தை அமுக்கிவிட்டு கீபோர்டு போடுவார்களா? வலது கையில் குட்டையான அடிக்குச்சி, இடது கையில் மெல்லிய நீளமான சிண்டுக்குச்சி. இரண்டும் சேர்ந்து போடும் அடிக்குத்தான் கால் விழும். அந்த அடி காதில் விழாவிட்டால் ஆடுகிறவர் சும்மா குதிப்பதாகத்தான் தெரியும். காகிதத்தைக் கொளுத்திப் பறையை வாட்டுவதைக் காட்டினார்கள், ஏன் வாட்டுகிறார்கள் என்று கேட்கவில்லை. ஈரக்காற்றில் தோல் தொய்ந்துபோகும், அனல் பட்டால் இறுகிக் கணீரென்று பேசும். கடலோர ஊரில் இதைவிடத் தோதான கேள்வி கிடைக்குமா? சாவுக்கு அடிப்பதா, மறுப்பதா என்று பறைக் கலைஞர்களுக்குள்ளேயே நடக்கும் வாதமும் நிகழ்ச்சியில் இல்லை. சினிமா குரூப் டான்சர்களின் கதியும் இதேதான். ஒத்திகையில் வியர்வையைத் துடைப்பதோடு காட்சி முடிந்துவிட்டது.

பரதம் ஆடியவர்களுக்குத் திரையில் பெயர், கூடவே குருவின் பெயர். பறை அடித்தவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து 'கலைக்குழுவினர்' என்று ஒரே வரி. 2015-இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவில் பரதமும் பறையும் ஒரே மேடையைப் பகிர்ந்துகொண்டன. பெசன்ட் நகரில் இருக்கும் அந்த மீனவக் குப்பத்துக்குத் திருவான்மியூர் கலாக்ஷேத்திராவிலிருந்து ஆட்டோவில் போனால் கொஞ்ச நேரம்தான். கேமராவோடு திருவான்மியூர் வரை வந்தவர்கள் அங்கேயும் எட்டிப் பார்த்திருக்கலாம்.

நிகழ்ச்சியை யூடியூபில் ஏற்றும்போதாவது அசல் ஒலியைப் போடச் சொல்லி எழுதுங்கள். பெயர்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். படம்பிடித்த அன்றே கேட்டு எழுதிக்கொண்டுதான் போயிருப்பார்கள். இதெல்லாம் உங்கள் விமர்சகர் கண்ணில் எப்படிப் படாமல் போயிற்று என்பதையும் அடுத்த இதழில் சொன்னால் நல்லது.

– ஒரு வாசகர்,
புளியந்தோப்பு, சென்னை-12