குலசேகர நம்பியின் விளக்கு

ரங்கூன்

அன்புள்ள மாப்ளே,

நீ அனுப்பின குரல்செய்தி கேட்டேன். எழுத்திலேயே பதில் போடுகிறேன். பேச ஆரம்பித்தால் பாதியில் லைன் போய்விடும். இங்கே எல்லாரும் சுகம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது.

வியாசர்பாடியில் பொழுது போகவில்லை, யூடியூபில் எதைப் பார்க்கலாம் என்று கேட்டிருந்தாய். ராஜேந்திர சோழன் பர்மாவையே பிடித்த கதை என்று ஒரு வீடியோவும் அனுப்பியிருந்தாய். பாதிக்கு மேல் முரசு சத்தம்தான்டா. அவன் பிடித்த கடாரம் என்பது மலேசியாவில் இருக்கிற கெடா. பர்மாவில் பெகு என்ற ஊரில் கிடைத்த இரண்டு கருங்கல் தூண்களைச் சோழனுடைய வெற்றித் தூண்கள் என்று அந்தக் காலத்தில் எழுதினார்கள். பின்னால் வந்த ஆராய்ச்சியில் அது அடிபட்டுப் போயிற்று. வீடியோக்காரர்களுக்கு மட்டும் அந்தச் சேதி இன்னும் எட்டவில்லை.

பர்மாவின் பழைய தலைநகரான பகானில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருப்பது உனக்குத் தெரியுமா? மலைமண்டலத்து, அதாவது இன்றைய கேரளத்து, மகோதையர்பட்டினத்துக் குலசேகர நம்பி என்பவர் அங்கிருந்த நானாதேசி விண்ணகர் ஆழ்வார் கோயிலுக்கு ஒரு மண்டபம் கட்டி, கதவு போட்டு, எந்நேரமும் எரிய ஒரு நிலைவிளக்கும் கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான் சங்கதி. படை இல்லை, யானை இல்லை. ஆனால் எனக்கு இதில்தான் கேள்வி மேல் கேள்வியாக வருகிறது. அந்த விளக்குக்கு யார் எண்ணெய் ஊற்றினார்கள்? பல தேசத்து வணிகர்கள் வந்து போகிற ஊரில், பௌத்த ராஜாவின் தலைநகரில், பெருமாள் கோயிலை யார் பராமரித்தார்கள்? இப்படிக் கேட்க வைக்கிற வீடியோதான் எனக்கு வேண்டும். "எங்களை யாரும் ஜெயிக்கவில்லை" என்று தொண்டை கிழியக் கத்துகிறவன் வேண்டாம்.

அதனால் முதலில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் சேனலைப் போடு. அறிஞர்கள் மேடையில் நின்று பேசுகிற உரைகள். படத்தில் பெரிதாக ஒன்றும் நடக்காது. இங்கே கரண்ட் இருக்கும்போது இறக்கி வைத்துக்கொண்டு, போன பிறகு இருட்டில் ரேடியோ மாதிரிக் கேட்கிறேன். அந்த முத்தையா கோட்டையூர்க்காரர். பெயர்ப்பலகை எழுதுகிற தொழில் செய்தவர், பழைய புத்தகம், பாட்டுப்புத்தகம், நோட்டீஸ் என்று கண்டதையும் சேர்த்து வைத்தார். அவர் காலத்துக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகாமல் 1994-இல் சென்னையிலேயே நூலகமாக்கியது. தரமணியில் இருக்கிறது, உனக்குப் பஸ் தூரம். நேரிலேயே போய்க் கேட்கலாம்.

அதே கோட்டையூரிலிருந்து வந்த இன்னொருவர் நம்ம ரங்கூன் ஆள் என்றே சொல்லலாம்: ஏ.கே. செட்டியார். இங்கிருந்து வெளிவந்த 'தனவணிகன்' பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். பிறகு உலகம் முழுக்கச் சுற்றி, காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் தேடித் தேடிச் சேர்த்து, 1940-இல் ஓர் ஆவணப்படமாக வெளியிட்டார். செட்டியார்களின் வட்டிக்கடைகள் இருந்த ரங்கூன் முகல் தெருவில் வட்டிக்கணக்கு எழுத வேண்டிய பிள்ளை அப்படிப் போயிருக்கிறது பார்!

தமிழ் மரபு அறக்கட்டளை 2001-இல் தொடங்கியது. அவர்கள் ஊர் ஊராகப் போய் எடுக்கிற பேட்டிகளும் நன்றாக இருக்கும். சில வீடியோவில் காற்றுச் சத்தம்தான் அதிகம், பொறுத்துக்கொள். தங்கச்சிக்கு பாரி சேனலைக் காட்டு. பத்திரிகையாளர் சாய்நாத் 2014-இல் ஆரம்பித்த கிராமப்புற ஆவணக்களஞ்சியம் அது. மராட்டியப் பெண்கள் திருகை அரைத்துக்கொண்டே பாடின பாட்டுகளை ஒரு லட்சத்துக்கும் மேல் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மாமியார், புருஷன், சாதி, அம்பேத்கர் எல்லாம் அந்தப் பாட்டில் வந்துவிடும். மொழி புரியாவிட்டாலும் கீழே எழுத்து ஓடும்.

ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறதே, பேரனிடம் சொல்லி முதலில் அதை அணைத்து வை. இல்லையென்றால் திருகைப் பாட்டு முடிந்த கையோடு எவனாவது முரசு கொட்டிக்கொண்டு வந்துவிடுவான்.

கடைசியாக பிரிட்டிஷ் பாதே. பழைய செய்திப்படக் கம்பெனி. 2014-இல் தங்களிடமிருந்த 85,000 படங்களை யூடியூபில் ஏற்றினார்கள். ரங்கூன் என்று தேடு. வர்ணனையில் தளபதி, கவர்னர் பெருமைதான் பேசுவார்கள், அதனால் சத்தத்தை அடைத்துவிட்டு ஓரங்களைப் பார். மூட்டை தூக்குகிறவர்கள், ரிக்‌ஷாக்காரர்கள், தலையில் கூடையோடு போகிறவர்கள். 1931 கணக்கெடுப்பில் ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள்தான். அவர்கள் யாருக்கும் அந்தப் படங்களில் பெயர் கிடையாது.

இதை உன் பெரியம்மாவோடு உட்கார்ந்து பார். 1964-இல் கடைகளையெல்லாம் பர்மா சர்க்கார் எடுத்துக்கொண்டு, பர்மா பணமான கியாட்டில் ஐம்பது, நூறு நோட்டு செல்லாது என்று சொன்னபோது கப்பலேறினவர்கள் அல்லவா? எந்தத் தெரு, எந்தக் கடை என்று அவர்கள் சொன்னால் அப்படியே எழுதி அனுப்பு. கப்பலில் ஏறும்போது எதை எடுத்துப்போக விட்டார்கள், எதைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்றும் கேள். ஒரேயடியாகக் கேட்காதே, அழுதுவிடுவார்கள். பர்மா நூடுல்ஸ் அத்தோ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேள்.

இப்படிக்கு,
உன் மாப்ளே