ஸ்னோ புளோவர் அடைச்சா கையை உள்ள விடாதேங்கோ

ஆசிரியருக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட பேப்பரில குளிர்காலம் பற்றி ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்கள், ஃபர்னஸ், கார் பற்றரி, பைப் உறையிறது எல்லாம் இருந்தது, நல்லது. ஆனா ஸ்னோவை அள்ளி வீசுற மெசின், அந்த ஸ்னோ புளோவர் பற்றி ஒரு வரி கூட இல்லை, கனடாவில ரொறொன்ரோவுக்குக் கிட்ட ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் எங்கட சனத்தின்ர எத்தனையோ கராஜில அது நிக்குது, அதால எழுதுறன்.

மைனஸ் பத்தில கொட்டுற தூள் ஸ்னோவால பிரச்சினை இல்லை, மெசின் தூக்கித் தூர வீசும். வில்லங்கம் என்னெண்டா சைபருக்குக் கிட்ட நிக்கேக்க கொட்டுற ஈர ஸ்னோ, குழைச்ச சீமெந்து மாதிரிக் கிடக்கும். 10 செ.மீ. விழுந்தாலே ஒரு சதுர மீட்டரில 20 கிலோவுக்குக் கிட்ட வரும், ஊறினா இன்னும் கூட. அதுக்கு மேல ரோட்டில ஸ்னோ தள்ளுற பிளவ் வண்டி வந்து ட்ரைவ்வே வாசல்ல உப்பும் ஐஸுமா ஒரு வரம்பைத் தள்ளிவிட்டுப் போயிடும். மெசின் ரெண்டடி போகும், வீசுற குழாய் அடைக்கும், திரும்பவும் ரெண்டடி, திரும்பவும் அடைக்கும். விசர் வரும்.

அந்த விசரிலதான் சனம் குழாய்க்குள்ள கையை விடுறது. எங்கட தெருவில ஒரு ஐயாவுக்கு ரெண்டு விரல் நுனி போச்சுது, அவர் எஞ்சினை நிப்பாட்டிப் போட்டுத்தான் கையை விட்டவர்! எஞ்சின் நிண்டாலும் உள்ள பெல்ட் இறுகி நிக்கலாம், அடைச்ச கட்டி கழண்ட உடனே ஸ்னோவை வீசுற தகடு ஒரு சுத்துச் சுத்தும், அது போதும். எஞ்சினை நிப்பாட்டி, திறப்பைக் கழட்டி, கொஞ்சம் பொறுத்து, மெசினிலயே கொழுவி வாற பிளாஸ்டிக் தடியால மட்டும் தள்ளோணும். தடி துலைஞ்சா விளக்குமாத்துப் பிடியால தள்ளுங்கோ, கையுறை போட்டாலும் கை வேண்டாம். சிலர் கைப்பிடி லீவரைக் கயிறால கட்டி வைக்கினம், கைவிட்டா நிக்கோணும் எண்டுதானே அந்த லீவரே இருக்கு, தயவுசெய்து அவிட்டு விடுங்கோ.

அடைக்காமல் ஓட்டோணுமெண்டா எஞ்சினை முழு வேகத்தில விட்டு, மெசின் அகலத்தில பாதி பாதியா மெதுவா எடுங்கோ, குழாய்க்குள்ள முதலே சிலிக்கோன் ஸ்பிரே அடிச்சா நல்லா வழுக்கும். போன வருசத்துப் பழைய காஸை, அதுதான் பெற்றோலை, ஊத்தாதேங்கோ, காபரேற்றர் பிசின் பிடிச்சு ஸ்டார்ட் வராது. ஸ்டார்ட் வராட்டி கோவத்தில ஷவலைத் தூக்கிக்கொண்டு இறங்கிறது அடுத்த ஆபத்து. கியூபெக்கில 1981 இலிருந்து 2014 வரையான கணக்கை வைச்சு 2017 இல ஒரு ஆய்வு வந்தது, 20 செ.மீ. ஸ்னோ கொட்டின அடுத்த நாள் ஆம்பிளையள் மாரடைப்பால சாகிறது மூண்டில ஒரு பங்கு கூடுதாம். அறுபது தாண்டின அப்பாமாரை அள்ள விடாதேங்கோ, பக்கத்து வீட்டுப் பெடியளைக் கூப்பிடுங்கோ.

மெசினோட வாற புத்தகம் இங்கிலிஷிலயும் பிரெஞ்சிலயும்தான் இருக்கு, மெசினை ஓட்டுறது கனபேர் வீட்டில ரெண்டும் வாசிக்கத் தெரியாத பெரியாக்கள். அதால அந்தக் கை வைக்கிற விசயத்தை மட்டும் கொட்டை எழுத்தில தமிழில போடுங்கோ ஆசிரியர், வெட்டி கராஜ் சுவரில ஒட்டக்கூடிய மாதிரி. அடுத்த கிழமையே போட்டா நல்லம், மார்ச் ஸ்னோ இன்னும் வரக் கிடக்கு.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகர் ஒருவர்