லீட்ஸிலிருந்து குடியாத்தத்துக்கு ஒரு நன்றி மடல்

ஊராருக்கும் உறவினர்களுக்கும் வணக்கம்.

இந்த வாரம் லீட்ஸ் நகரத்துப் பள்ளி ஒன்றில் என் கற்பித்தல் பயிற்சி தொடங்கியது. இங்கிலாந்தில் ஆசிரியர் தகுதி பெற, குறைந்தது 2 பள்ளிகளில் 120 நாள் பயிற்சி எடுத்தாக வேண்டும்; இது முதல் பள்ளி. உங்களுக்குத் தனித்தனியாக எழுதத்தான் நினைத்தேன். யாரையாவது விட்டுவிட்டால் கல்யாணப் பத்திரிகையில் பெயர் விடுபட்ட கதையாகிவிடும். அதனால் பொதுவில், ஒருவர் பெயரும் போடாமல் எழுதுகிறேன்.

முதலில் காகிதங்களுக்காக அலைந்தவர்கள். வெளிநாட்டுப் பயிற்சி மாணவர்கள் பிள்ளைகள் பக்கம் போகுமுன், சொந்த நாட்டுக் காவல்துறையின் நன்னடத்தைச் சான்றை இங்கே கேட்கிறார்கள். விசாரணைக்கு வீட்டுக்கு வந்த காவலர் அம்மா கொடுத்த டீயைக்கூடத் தொடவில்லை. இன்னோர் அலுவலகத்தில் என் விண்ணப்பம் ஒரு மேசையிலேயே படுத்துக் கிடந்தது. எந்த அலுவலகம் என்பது இப்போது எதற்கு? வேலைக்கு விடுப்புப் போட்டு, அங்கேயே உட்கார்ந்து, கையெழுத்து வாங்கி வந்தவர் பெரியப்பா. காட்பாடி ஜெராக்ஸ் கடை அண்ணன், முத்திரையின் ஓரம் வெட்டுப்படக் கூடாது என்று ஒவ்வொரு தாளையும் திருப்பித் திருப்பி ஸ்கேன் எடுத்தார். காசு மட்டும் ஒருமுறைக்குத்தான் வாங்கினார். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்த அப்பாவுக்கும் ஜாமீன் போட்ட சித்தப்பாவுக்கும் நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். தவணையை ஒழுங்காகக் கட்டினால் போதும் அவர்களுக்கு.

எங்கள் தெரு அக்கா வேலூர் சி.எம்.சி.யில் செவிலியர் படிப்பு முடித்து, இப்போது இங்கே மருத்துவமனையில் வேலை செய்கிறார். இரவுப் பணி முடிந்த கையோடு என்னை அழைத்துப்போக வந்தார். குளிர்க் கோட்டு ஊரில் வாங்காதே என்று முன்பே தடுத்திருந்தார். அத்தை ஆற்காட்டிலிருந்து வாங்கி வந்த மக்கன் பேடாவைப் பெட்டியிலிருந்து எடுக்கச் சொன்னவரும் அவர்தான். பால் பொருள்களை இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குள் கொண்டுவர அனுமதி இல்லை. அத்தை இதை இன்னும் நம்பவில்லை.

ஆனால் நான் அதிகம் கடன்பட்டிருப்பது எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியருக்கு. கொரோனாவில் விடுபட்ட பாடங்களை ஈடுகட்ட 2021-இல் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் நான் தன்னார்வலராக இருந்தேன். மாலை வகுப்பு நடக்கும் திண்ணைக்கு டீச்சர் அடிக்கடி வருவார். குறுக்கே பேசமாட்டார். பழைய தேர்வுத் தாளின் பின்பக்கத்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வரிசையைக் கட்டம் போட்டு வரைவார். ஒரு பிள்ளை வாய் திறந்தால் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி. முன்வரிசைக் கட்டங்களில் புள்ளிகள் மொய்க்கும். தூண் மறைவில் இருப்பவர்களுக்கு ஒன்றும் இருக்காது. தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். எல்லாத் தன்னார்வலர்களுக்கும் இப்படித்தான்.

இங்கே வந்ததும் பிள்ளைகள் பாதுகாப்பு பற்றிய அரசு வழிகாட்டியைப் படிக்கச் சொன்னார்கள். அடுத்து என் வழிகாட்டி ஆசிரியர் ஏழாம் ஆண்டு வகுப்பின் இருக்கை வரைபடத்தை நீட்டி, யார் எத்தனை முறை பேசுகிறார்கள் என்று குறித்துவரச் சொன்னார். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. டீச்சர், இதை எங்கே பழகினாய் என்று அந்த வழிகாட்டி ஆசிரியர் கேட்டபோது உங்கள் ஊர், பள்ளி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குடியாத்தம் என்ற பெயரை மட்டும் அவரால் உச்சரிக்க முடியவில்லை.

செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்துக்கு நேரில் வர முடியாதது குறைதான். ராதாகிருஷ்ணன் படித்த ஊரிசு கல்லூரியில்தான் நானும் இயற்பியல் படித்தேன் என்று சொல்லி நீங்கள் என்னைக் கிண்டல் செய்வது நினைவிருக்கிறது.

கடைசியாக, மாலை வகுப்பை இப்போது நடத்தும் தங்கைக்கு. மின்சுற்றுப் பெட்டி எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. ஒயர்கள் நன்றாக இருக்கின்றன, பல்புகளில் பாதி எரியாது. புதியவை வாங்கித் தர அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், கேட்கத் தயங்காதே.